காரணம் கேட்கப்படாது

கிள்ளான்
12 ஆகஸ்ட் 2024

அன்புள்ள பரமு அண்ணனுக்கு,

மாதவி எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் இரத்த அழுத்தம் எப்படி இருக்கிறது? மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா?

போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வந்து கதவைத் தட்டலாம்தான். உள்ளே இருந்துகொண்டே நீங்கள் திறக்காமல் விட்டுவிட்டால் திரும்பி வர எனக்குத் தெம்பு இல்லை. அதனால்தான் கடிதம்.

இவர் மறுபடியும் பந்தயத்தில் கார் ஓட்டுகிறார். ஐம்பத்து மூன்று வயதில், அந்தக் கோணல் கணுக்காலோடு. முன்பு ஓட்டிய அதே சலூன் கார் தொடர்தான். ஆறு பந்தயங்களில் நான்கு முடிந்துவிட்டன. புள்ளிப் பட்டியலில் இவர்தான் முதல்.

ஜூலையில் முன்னால் போன காரிலிருந்து கழன்ற போல்ட் ஒன்று ரேடியேட்டரைக் கிழித்தது. சூடேறி இன்ஜின் போய்விட்டது. மாற்றினோம். வருஷத்துக்கு ஒரு மாற்றம்தான் தண்டனை இல்லாமல் கிடைக்கும். அது தீர்ந்துவிட்டது. இன்னொரு தடவை மாற்றினால், மற்ற கார்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு பிட் லேனிலிருந்து கிளம்ப வேண்டும். எவனோ சரியாக முறுக்காத போல்ட்டுக்கு இவரைத் தண்டிப்பது நியாயமா அண்ணா? அந்த விதியை எழுதிய குழுவில் நீங்கள் இருந்தீர்கள். ஜூலை மாற்றத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று மேல்முறையீடு ஒன்று எழுதித் தருவீர்களா?

இவருக்குத் தெரியாமல்தான் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புத் தங்கை,
மாதவி


பிரிக்பீல்ட்ஸ்
21 ஆகஸ்ட் 2024

மாதவிக்கு,

கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறேன். அழுத்தம் நூற்று நாற்பத்தைந்து. மாத்திரை போடுகிறேன். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கடிதமாக எழுதியது நல்லதுதான். பத்து வருஷத்துக்கு முன்னால் உங்கள் புது ஒர்க்‌ஷாப் திறப்பு விழா அழைப்பிதழை எனக்குத் தபாலில் அனுப்பினீர்கள். ஸ்டாம்ப் ஒட்டி, 'திரு. பரமேஸ்வரன் குடும்பத்தார்' என்று எழுதி. எனக்குக் குடும்பம் என்று உன்னைத் தவிர யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்றே முடிவு செய்தேன், உங்கள் வீட்டோடு இனிமேல் தபால்தான் என்று. அதற்கும் முந்தைய வருஷம், பதினோரு இன்ஜின் கட்டிக் கொடுத்தவனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலையை ஷா ஆலம்காரன் ஒருவனிடம் தூக்கிக் கொடுத்தார் உன் வீட்டுக்காரர். அதையும் மறக்கவில்லை. நான் எதையும் மறக்கிறவன் இல்லை.

இனி விதி. பதினான்காம் விதியின் கடைசி வரியை எழுதியவனே நான்தான்: 'மாற்றத்துக்கான காரணம் கேட்கப்படாது.' அதற்கு முன்பு பெரிய அணிகள் பந்தயத்துக்கொரு புது இன்ஜின் மாட்டின. ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். காரணத்துக்குச் சலுகை கொடுத்தால், அடுத்த பந்தயத்துக்கு ஆளாளுக்குச் சட்டைப்பையில் ஒரு போல்ட்டோடு வருவார்கள். உங்களைப் போன்ற சின்ன ஒர்க்‌ஷாப்புகளைக் காப்பாற்றத்தான் அதை எழுதினேன்.

மேல்முறையீடு எழுதித் தர மாட்டேன். என் வரியை நானே பொய்யாக்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

பரமேஸ்வரன்


கிள்ளான்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். திட்டியாவது எழுதினீர்களே, அதுவே போதும். நான் நலம். இவருக்கு மழை பெய்தால் கணுக்கால் வலிக்கிறது. நீங்கள் அதைக் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

மேல்முறையீட்டை நானே எழுதினேன். இரண்டே வரியில் தள்ளுபடி. உங்கள் வரியைத்தான் எடுத்துப் போட்டிருந்தார்கள். சின்ன ஒர்க்‌ஷாப்பைக் காப்பாற்ற எழுதியதாகச் சொல்கிறீர்கள். இரண்டாம் இடத்தில் இருக்கும் ஹாசிமின் அணியில் மூன்று கார். ஒன்றைத் தண்டித்தால் மற்ற இரண்டும் இருக்கின்றன. எங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று.

ஆனால் நான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதியது மேல்முறையீட்டுக்காக மட்டும் இல்லை. ஜூலையில் மாட்டிய இந்த இன்ஜினில் ஒரு சத்தம் கேட்கிறது. காரை லோரியில் ஏற்றும்போது பக்கத்தில் நின்றேன். லேசாக ஒரு 'டக் டக்'. இவரிடம் சொன்னேன்.

"சத்தம் எல்லா காருக்கும் இருக்குலா. உன் கிரைண்டருக்கு இல்லையா?" என்றார்.

"கிரைண்டர்ல நீங்க உக்காந்து நூத்தி எண்பதுல போறதில்ல" என்றேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

2012-இல் அந்த விபத்துக்கு முன்னால் இப்படி ஏதாவது சத்தம் இருந்ததா அண்ணா? உங்களுக்கு முன்கூட்டியே ஏதாவது தெரிந்ததா? இது மட்டும் சொல்லுங்கள். பயமாக இருக்கிறது.

அன்புடன்,
மாதவி


பிரிக்பீல்ட்ஸ்
14 செப்டம்பர் 2024

மாதவிக்கு,

நலம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், மோனோரயில் பக்கத்து மருந்துக்கடைக்காரன் அழுத்தம் பார்க்கும் கருவியை மாற்றிவிட்டான். புதியதில் நூற்று ஐம்பத்தெட்டு காட்டுகிறது. பழையதுதான் சரி.

மூன்று கார் வைத்திருப்பவனுக்கும் ஒரு கார் வைத்திருப்பவனுக்கும் ஒரே விதி என்பது உனக்கு அநியாயமாகத் தெரிகிறது. ஆளுக்கொரு விதி எழுதினால் யார் சின்னவன், யார் பெரியவன் என்று முதலில் விசாரணை வைக்க வேண்டும். விசாரணைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. ஷா ஆலம் தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகத் தரப் பரிசோதகராக இருக்கிறேன். என் மேலாளருக்கு என் பாதி வயது. அவன் விசாரணை வைத்தால் எப்படி முடியும் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும்.

2012 முடிந்த கதை. ஓட்டுநர் கியரைத் தவறாகப் போட்டார், இன்ஜின் அளவுக்கு மீறிச் சுற்றியது என்று எழுத்தில் முடிவு சொன்னார்கள். அதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சத்தம் இன்ஜின் சூடான பிறகு வருகிறதா, குளிர்ந்திருக்கும்போதா? ஆக்சிலரேட்டர் மிதியை அழுத்தும்போதா, விடும்போதா? கவனித்து எழுது.

பரமேஸ்வரன்


கிள்ளான்
9 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமாக இருந்தால் சரி. கருவி புதியதோ பழையதோ, டாக்டரிடம் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது பந்தயத்தில் இவர் ஜெயித்துவிட்டார். ஹாசிமைவிடப் பதினாறு புள்ளி முன்னால். கடைசிப் பந்தயம் நவம்பர் 17. முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் கோப்பை. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். நான் காருக்குப் பக்கத்தில் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சூடான பிறகுதான் வருகிறது. மிதியை விடும்போது. முன்பு நான் மட்டும் கேட்டேன். இப்போது பக்கத்துக் கூடாரத்து ஆள்கூடத் திரும்பிப் பார்க்கிறார்.

உங்களிடம் நான் கேட்டது, அன்றைக்கு உங்களுக்கு முன்கூட்டியே ஏதாவது தெரிந்ததா என்று. நீங்கள் விசாரணையில் என்ன சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது எனக்கும் தெரியும். அந்தத் தாள் இங்கேயும் இருக்கிறது.

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்
15 அக்டோபர் 2024

மாதவிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. இதை உடனே செய்.

சிலிண்டர் ஹெட், அடித்தொட்டி இரண்டிலும் முத்திரைக் கம்பி கட்டியிருப்பார்கள். அதைத் தொட்டால் இன்ஜின் மாற்றியதாகவே கணக்கு. முத்திரையை உடைக்காமல் உள்ளே நடப்பதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி ஆயில் பில்டர். அதைக் கழற்ற அனுமதி உண்டு. கழற்றி, ஆயிலை வடித்து, தகர உறையை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் காகிதத்தை வெளியே எடு. வெள்ளைத் தாளில் விரித்து வெயிலில் பார். காந்தத்தைக் காட்டு. ஒட்டினால் இரும்பு, கொஞ்சமாக இருந்தால் பயமில்லை. ஒட்டாமல் பளபளத்தால் கிராங்க் பேரிங் தேய்கிறது. வெள்ளி நிறமென்றால் மேல்பூச்சு. செம்பு நிறமென்றால் பூச்சு போய் அடித்தகடு தெரிய ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிறகு இன்ஜினுக்கு ஆயுள் இல்லை. எந்த இடத்தில் இறுகி நின்றுபோகும் என்றும் சொல்ல முடியாது. நேர்ச்சாலையிலும் இறுகலாம், வளைவிலும் இறுகலாம்.

பார்த்துவிட்டு எழுது.

பரமு


கிள்ளான்
29 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாளை மறுநாள் தீபாவளி. தெங்கு கிளானா சாலையில் கால் வைக்க இடமில்லை. எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். முறுக்கு தனியாக அனுப்புகிறேன், உப்பு குறைத்துத்தான் போட்டிருக்கிறேன்.

வெட்டிப் பார்த்தேன். காந்தத்தில் ஒட்டவில்லை. பளபளப்பாகத் தூள் தூளாக இருக்கிறது. வெள்ளி நிறம். நடுவில் ஏழெட்டுத் துகள் செம்பா, வெயிலில் எனக்கு அப்படித் தெரிகிறதா என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று தரம் பார்த்தேன். மூன்று தரமும் வேறு வேறாகத் தெரிகிறது.

அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். தாளையே பார்க்கவில்லை.

"யார் உனக்கு இதெல்லாம் சொல்லிக் கொடுத்தது?"

"யாராயிருந்தா என்ன? மாத்திடுங்க."

"மாத்தினா பிட் லேன். பிட் லேன்லருந்து எவன் நாலாவதா வந்திருக்கான்? பன்னெண்டு வருஷம் கழிச்சு ஒன்னு கைக்கு வருது மாதவி. இன்னும் ஒரே ஒரு ரேஸ். நாப்பது நிமிஷம்லா."

"அன்னைக்கும் நாப்பது நிமிஷம்தான்."



அண்ணா, உங்களுக்கு ஏழு தடவை போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. நேராகவே கேட்கிறேன். 2012-இல் பில்டரை வெட்டிப் பார்த்தீர்களா? இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். நான் நம்புவேன். ஆமென்றால், அதை இவரிடம் சொல்ல உங்களைத் தவிர ஆள் இல்லை.

மாதவி


பிரிக்பீல்ட்ஸ்
10 நவம்பர் 2024

மாதவிக்கு,

முறுக்கு வந்தது. நன்றாக இருந்தது. உன் வீட்டுக்காரரின் கணுக்கால் எப்படி இருக்கிறது? இதைக் கேட்க எனக்குப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கிறது.

உன் கடிதம் மேசைமேலேயே கிடந்தது. நான்கு பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. படித்துவிட்டு அவரிடம் கொடு.

வெட்டிப் பார்த்தேன். அன்று காலை எட்டரை மணிக்கு, கூடாரத்துக்குப் பின்னால், பழைய பேப்பரை விரித்து. அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. காகித மடிப்பு முழுக்கச் செம்பு. மாற்று இன்ஜின் லோரியில் இருந்தது. அப்போதெல்லாம் பந்தய நாளன்றுகூட மாற்ற அனுமதி உண்டு. கையில் மூன்று மணி நேரம் இருந்தது. நானும் இன்னொருவரும் இருந்தால் போதும், மாற்றியிருக்கலாம். ஆனால் அந்த வருஷத்துக்கான ஒரு மாற்றம் ஏற்கெனவே தீர்ந்திருந்தது. மாற்றினால் முதல் வரிசையில் நிற்க வேண்டிய கார் பிட் லேனுக்குப் போகும். நான் எழுதிய விதி. பதினெட்டுச் சுற்றுதானே, தாங்கும் என்று நினைத்தேன். சோதனைத் தாளில் 'ஆயில் பில்டர்: திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதினோராவது சுற்றில் இன்ஜின் இறுகியது. கார் சுவரில் மோதியதை நீயும் பார்த்தாய்.

விசாரணையில் கியர் என்றார்கள். ஆறு மாதம் அவருக்குத் தடை. நான் அந்த அறையில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. அதை நினைத்தே இத்தனை வருஷம் தூங்கியிருக்கிறேன். பிறகு அவர் வேலையை வேறொருவனிடம் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது.

விதி நியாயமா என்று கேட்டாய். காரணம் கேட்கக் கூடாது என்று எழுதியபோது பொய் சொல்கிறவர்களை மட்டும் நினைத்துக்கொண்டேன். இன்ஜின் கெட்டிருக்கிறது என்று தானாக வந்து சொல்கிறவன் கடைசிக்குப் போகிறான். தெரிந்தும் மூடி வைக்கிறவன் முதல் வரிசையில் நிற்கிறான். இது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை. எட்டிய நாளில் நான் மூடி வைக்கிறவனாக இருந்தேன்.

நீ பார்த்தது செம்பா என்று இங்கிருந்து எனக்குத் தெரியாது. தெரியாதபோது மாற்றுவதுதான் சரி. மாற்றச் சொல்.

பரமு


கிள்ளான்
13 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

கவரில் ஸ்டாம்ப் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் வருவதும் இல்லை. ஒர்க்‌ஷாப் கேமராவில் பார்த்தேன். நீலச் சட்டை. பெட்டியில் போட்டுவிட்டு கேட்டுக்கு வெளியே பதினோரு நிமிஷம் நின்றீர்கள். நான் மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இளைத்துவிட்டீர்கள்.

அவரிடம் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "சாப்பாடு ஆயிடுச்சா?" என்றார். அவ்வளவுதான். மூன்று நாளாயிற்று. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உங்களைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இன்ஜின் மாற்றுவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இன்றைக்குப் புதன். அந்தப் படிவம் மேசையில் அப்படியே கிடக்கிறது. தாண்டிப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

உங்கள் மீது எனக்கு என்ன இருக்கிறது என்று இப்போது யோசிக்க முடியவில்லை. ஞாயிறு தாண்டட்டும்.

மாதவி


கிள்ளான்
20 நவம்பர் 2024

மச்சானுக்கு,

கிஷன் எழுதுகிறேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கால் பரவாயில்லை. உங்கள் உடம்பு சரியில்லை என்று மாதவி சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமை நாலு ஐம்பதுக்குப் படிவத்தைக் கொடுத்தேன். வாங்கிய அதிகாரி, "காரணம் எழுத வேண்டாம் boss, கையெழுத்து மட்டும் போதும்" என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன்.

பிட் லேனிலிருந்து கிளம்பி ஆறாவதாக வந்தேன். ஹாசிம் ஜெயித்தான். மூன்று புள்ளியில் கோப்பை போய்விட்டது. முடிந்ததும் வந்து, "என்னண்ணே, ஓடுற இன்ஜினைக் கழட்டி எனக்குக் கோப்பை தர்றீங்க, கல்யாண நாளா?" என்று கிண்டல் செய்தான். நல்ல பையன்தான். என்னால்தான் சிரிக்க முடியவில்லை.

நீங்கள் எழுதியதற்குப் பதில் இது. அன்று காலை டயர் காற்று எவ்வளவு என்று கேட்க உங்களைத் தேடிக் கூடாரத்துக்குப் பின்னால் வந்தேன். நீங்கள் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தீர்கள், முதுகைக் காட்டிக்கொண்டு. தரையில் பேப்பர் விரித்திருந்தது. நான் அதைப் பார்த்துவிட்டேன் மச்சான். செம்பு எது என்று தெரியாதவனா நான்? கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள். சொன்னால் மாற்ற வேண்டும். அதனால் கேட்காமல் திரும்பிப் போய்விட்டேன்.

விசாரணையில் கியர் என்றதும் தலையாட்டினேன். நான் பார்த்தது தெரிந்தும் நீங்கள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று நான் நினைத்தேன். எனக்குத் தெரியாது என்று நீங்கள் நினைத்தீர்கள். அப்புறம் உங்களோடு ஒரே மேசையில் உட்கார முடியவில்லை. வேலையை ஷா ஆலமுக்குக் கொடுத்தது கோபத்தில் இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்தால் என் வாயிலிருந்து வந்துவிடும் என்ற பயம். அழைப்பிதழைத் தபாலில் அனுப்பியதும் நான்தான். மாதவி நேரில் கொடுக்கலாம் என்றாள்.

கழற்றிய இன்ஜின் ஸ்டாண்டில் இருக்கிறது. தொடர் முடிந்ததால் முத்திரையை வெட்ட அனுமதி வந்துவிட்டது. நான் வெட்டவில்லை. நீங்கள் வந்து திறங்கள்.

கிஷன்


பிரிக்பீல்ட்ஸ்
26 நவம்பர் 2024

மாப்பிள்ளைக்கும் மாதவிக்கும்,

நலம் என்றே சொல்லலாம். டாக்டரிடம் போனேன். புதுக் கருவிதான் சரியாம். மருந்தை மாற்றியிருக்கிறார்.

உங்கள் கடிதத்தை ஞாயிறு முழுக்கப் படித்தேன். உங்கள் மேல் நான் வைத்திருந்த குறைகளை எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொன்றையும் எவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன் தெரியுமா? இப்போது பாதிக்கு மேல் எதற்கும் உதவாது. மீதியை விட்டுவிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. அழைப்பிதழில் 'குடும்பத்தார்' என்று போட்டதை நான் மன்னிக்கப் போவதில்லை.

தொடரின் விதிக் குழுவுக்கு எழுதியிருக்கிறேன். பதினான்காம் விதியின் கடைசி வரியை எடுத்துவிட்டு, பந்தயத்துக்கு முன்பே தானாக வந்து சொல்கிறவருக்குத் தண்டனையைப் பாதியாக்கச் சொல்லி. அதோடு 2012 சோதனைத் தாளின் நகலையும், அதில் என் கையெழுத்து பொய் என்று ஒரு கடிதத்தையும் இணைத்திருக்கிறேன். உங்கள் பெயரை நான் எழுதவில்லை. அதை எழுதுவதும் எழுதாததும் உங்கள் விருப்பம். பதில் இன்னும் வரவில்லை.

டிசம்பர் முதல் தேதி ஞாயிறு காலை கொமுட்டர் ரயிலில் வருகிறேன். நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். வழி தெரியும், இந்த மாதம்தானே வந்தேன். போல்ட் முறுக்கும் என் பழைய டார்க் ரெஞ்சைக் கொண்டுவருகிறேன். உங்கள் கடை ரெஞ்சுகளை நான் நம்புவதில்லை.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பேரிங் சுத்தமாக இருந்தால், தாங்கியிருக்கக்கூடிய இன்ஜினை நீங்கள் என் பேச்சைக் கேட்டுக் கழற்றிவிட்டீர்கள், கோப்பை என்னால் போனது. செம்பு தெரிந்தால், அந்தப் பந்தயத்தில் என்ன நடந்திருக்கும் என்று நினைத்தபடி மாதவி அதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இரண்டில் எது எனக்கு வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

நான் அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கும்போது இரண்டு பேரும் பக்கத்தில் நில்லுங்கள். மாப்பிள்ளை, "என்ன தெரியுது மச்சான்?" என்று நீங்கள் வாய் திறந்து கேளுங்கள். அன்றைக்கும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

மதியம் சாப்பாட்டுக்கு இருப்பேன். உப்பு குறைவாக.

பரமு